உதவியின்றி

சனிக்கிழமை எட்டு மணி ஃபெர்ரியைப் பிடித்தால்தான்
ஒன்பதரைக்கு மெக்காலிஸ்டர் சாலையில் மாடிப்படி ஏறலாம்.
ருவேந்திரனுக்கு எட்டு வயது.
அவன் வருவது சிகிச்சைக்காக இல்லை,
அக்கரையில் இரும்புத்தளம் இறங்குவதைப் பார்க்க.
மோட்டார்சைக்கிள் வரிசையில்
என் மழைச்சட்டைக்குள் அவன் தலை.
காதில் ஹெட்போன்,
அதில் பாட்டு எதுவும் ஓடுவதில்லை.

மேசையில் முகங்களைப் பரப்புவார்கள்.
சிரிப்பு, அழுகை, கோபம்,
எல்லாம் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள்.
"சந்தோஷம் எது, காட்டு."
அவன் பற்களை எண்ணினான்.
எட்டுப் பல் ஒரு பக்கம், ஆறு பல் ஒரு பக்கம்,
வாய் மூடியவை தனி.
தவறு என்று தாளில் கோடு விழுந்தது.
வீட்டில் தேவிகா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"எண்ணிக்கையில தப்பு இல்லையே."

இதற்கு முன்பு வேறொரு நிலையம்.
"என்னைப் பார்" என்பார்கள்.
கண்ணைப் பார்த்தால் பிஸ்கட்.
நாற்பது முறை. மறுபடி நாற்பது.
நானும் வீட்டில் செய்தேன், கடமை என்று நினைத்து.
ஒருநாள் பார்த்தான்.
பார்த்த கண்ணில் தண்ணீர்.
பிஸ்கட்டை எடுக்கவில்லை.
அதை எந்தத் தாளில் கோடு போடுவது?

மிஸ் சியூ யென் கண்ணைக் கேட்பதில்லை.
பார்க்காமலே கேட்கிறான், போதும் என்றார் மலாயில்.
ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால்
மேசை விசிறியின் முன்னால் மூன்று நிமிடம்.
அவரும் கூடவே நிற்பார்,
முடி கலைந்தாலும்.

வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஆளுக்கொரு காந்தம்,
பெரியவர்களும் நகர்த்த வேண்டும்.
நான் எப்போதும் பச்சை.
பிறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்ற மாதமும் பச்சை.
அண்ணனோடு கடன் பேச்சு முற்றிய இரவும் பச்சை.
பச்சைதான் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

ஜூனில் கடிதம் கொடுத்தார்கள்.
பதினேழு வருடத்துக்கு ஒன்றரைப் பக்கம்.
மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்.
காந்தத்தைப் பச்சையில் வைத்தேன்.
ரசம் நல்லாயிருக்கு என்றேன்.

ருவேந்திரன் வந்து நின்றான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
இடது கையைப் பார்த்தான்.
என் பெருவிரல் மற்ற விரல்களை
ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.
அது அவனுடைய பழக்கம்.
எனக்கு எப்போது வந்தது?
போய் என் காந்தத்தைப் பிடுங்கினான்.
மஞ்சளில் வைக்கவில்லை, சிவப்பிலும் இல்லை.
குனிந்து,
அட்டவணைக்கு வெளியே, கதவின் அடிமூலையில் ஒட்டி,
"ஃபெர்ரி ரோசாக்" என்றான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை
பட்டர்வொர்த் துறையில் ஃபெர்ரி ஓடவில்லை.
ரோசாக் என்று எழுதிய அட்டையைச்
சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஒன்றரை மணி நேரம் தரையில் கிடந்து கத்தினான்.
ஜனம் சுற்றி நின்றது.
ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார்.
அந்த வலிக்கு என்ன பெயர் என்று
அன்று யாரும் அவனைக் கேட்கவில்லை.
சங்கிலியில் தொங்கியதை அவனே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

தேவிகா கரண்டியோடு என்னைப் பார்த்தாள்.
நான் கடிதத்தை எடுத்து
ரசச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சியூ யென்னிடம் சொன்னேன்.
அவருடைய தாளில் இரண்டு கட்டங்கள்:
உதவியுடன், உதவியின்றி.
இரண்டாவதில் கோடு போட்டார்.
பிறகு பேனாவை மூடிவிட்டு
அவன் உட்கார்ந்திருந்த பாயில் உட்கார்ந்தார்.
"ஃபெர்ரி ரோசாக் ஆனால் என்ன செய்வது?"
விசிறியைப் பார்த்தபடியே சொன்னான்:
"துங்கு."
காத்திரு.
அன்று துறைக் காவலர் அவனிடம் சொன்ன ஒரே சொல்.
சொல்லிவிட்டு, அவர் தன் தொப்பியைக் கழற்றி
அவன் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.
அதை நான் மறந்திருந்தேன்.

காந்தம் இன்னும் கதவடியில்தான்.
கூட்டும்போது துடைப்பம் இடிக்கிறது,
தேவிகா சுற்றிக்கொண்டு கூட்டுகிறாள்.
வேலைக்கு மூன்று இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இன்று தூறல்.
அக்கரை நெருங்குகிறது.
ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொள்கிறான்.
இரும்புத்தளம் இறங்கப் போகிறது,
அதுவரை யாரும் பேசக்கூடாது.