நீளத் தண்டு

எடை மேடையில் லாரி ஏறுகிறது:
பதினெட்டு டன் நூற்றிருபது.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்போது
இன்னொரு தரம் நிறுப்பேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குத்தான் காசு.
பாடாங் செராய் செம்பனை ஆலையில்
பதினோரு வருஷத்தில் நான் படித்த பாடம் இவ்வளவுதான்.

கூட்டுப் பணம் என் பேருக்கு விழுந்த மாசம்
பங்கு வாங்கும் ஆசை வந்தது.
இரண்டாயிரம்.
பிள்ளையின் பள்ளி பஸ், மோட்டார் ரோட்டேக்ஸ்,
எப்போதோ வரப்போகிற பல்வலி
என்று ஆயிரத்தைந்நூறு ஒதுங்கிக்கொண்டது.
மிச்சம் ஐந்நூறு.
தொலைந்தாலும் அடுப்பு எரியும் என்று
நான் சத்தியம் பண்ணக்கூடிய ஐந்நூறு.

யுகேந்திரன் போனை நீட்டினான்.
டெலிகிராமில் ஒரு குழு,
ராக்கெட் படம், நெருப்புப் படம்,
‘மதியத்துக்குள் வாங்கு.’
கனவில் பாம்பு வந்தது, என்ன நம்பர் எடுக்கலாம் என்று
நாலு நம்பர் கடை வாசலில் கேட்குமே,
அதே குரல்.
நோய்க்காலத்தில் இவன் ஒரு கையுறைக் கம்பெனியை
ஏழு ரிங்கிட்டுக்குப் பிடித்தவன்.
இன்றைக்கு எண்பது சென்.
விற்கவும் மாட்டான், விட்டொழிக்கவும் மாட்டான்.
சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பான்,
சொத்தைப் பல்லை நாக்கு தேடுவதுபோல்.

குலை தரம் பிரிக்க எனக்கு யாரும் ராக்கெட் காட்டவில்லை.
பழம் உதிர்ந்த குழி பத்தாவது இருக்கணும்.
கறுத்துப் பளபளப்பது காய்,
பார்க்க மட்டும் அழகு.
தண்டை நீளமாக விட்டு வெட்டினால்
எடை கூடும், எண்ணெய் கூடாது.
அடியில் மணல் போட்டு வருகிறவர்களையும் தெரியும்,
தண்ணீர் அடித்து வருகிறவர்களையும்.

அப்படித்தான் ஆண்டறிக்கைகளைத் திறந்தேன்.
மூன்று ராத்திரி,
கட்டைவிரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி.
முதல் இருபது பக்கம் முழுக்கச் சிரித்த முகங்கள்.
தாண்டினேன்.
விற்பனை ஏறிக்கொண்டே போகிறது, லாபம் நகரவில்லை:
நீளத் தண்டு.
கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்குப் புதுக் கடன்:
மணல்.
என்ன விற்கிறார்கள் என்றே எனக்குப் புரியாத கம்பெனி ஒன்று,
மூன்று முறை படித்தும் புரியவில்லை.
என் மேல் குறையோ அவர்கள் மேல் குறையோ,
மூடிவிட்டேன்.

எங்கள் தோட்டக் கம்பெனியும் பட்டியலில் இருந்தது.
சுத்தமான கணக்கு. வருஷா வருஷம் ஈவு.
நான் பிறந்த லயன் வீட்டை இடித்தவர்களிடம்
நூறு பங்கு வைத்திருப்பது
எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.
நன்றாகத்தான் இருந்திருக்கும்.
ஆனால் எண்ணெய் விலை சரிந்த வருஷம்
ஓவர்டைமை வெட்டினார்களே, ஞாபகம் இருக்கிறது.
சம்பளம் தொங்குகிற மரத்திலேயே
சேமிப்பையும் கட்டித் தொங்கவிடுவதா?
அதையும் மூடினேன்.

கடைசியில் ஒரு பிஸ்கட் கம்பெனி.
சண்முகவடிவு மளிகையில் அதன் தகர டின்
ஒருநாளும் தூசி படிந்து நின்றதில்லை.
கடன் கொஞ்சம், லாபம் ஐந்து வருஷமாய்
பெரிதாகத் துள்ளாமல், பெரிதாக விழாமல்.
ஒரு லாட், நூறு பங்கு,
ஒரு ரிங்கிட் நாற்பத்திரண்டு சென்.
தரகு எட்டு ரிங்கிட், முத்திரை ஒரு ரிங்கிட்.
ஏறுவதற்கு முன்னாலேயே ஒன்பது ரிங்கிட் கீழே நிற்கிறேன்.
இதை ஏன் அந்தக் குழுவில் யாரும் சொல்லவில்லை?

ஐந்நூறில் பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது.
இன்னொரு கம்பெனி, வேறு தொழில்,
அவசரமில்லை.

மறுநாள் மூன்று சென் இறங்கியது.
நூறு பங்குக்கு மூன்று ரிங்கிட்,
ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்.
யுகேந்திரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
“பிஸ்கட்டா? நமுத்துப்போகும் அக்கா.”
நானும் சிரித்தேன். போகலாம்.
நான் பார்க்காத பக்கம் ஏதாவது இருந்திருக்கலாம்.

ஹாரன் அடிக்கிறது.
போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
குலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது,
வெளியே மழையே இல்லை.
கண்ணாடியைத் தள்ளித் தலையை நீட்டுகிறேன்:
“அண்ணே, ஓரமா நிறுத்துங்க.
வடியட்டும். அப்புறம் நிறுக்கலாம்.”