வலது பக்கம்

கன்னங்குறிச்சி பேருந்தில் நின்றபடியே
கடைசி நிமிடத்தில் எழுதும் குறிப்பேடு அது.
இடது பக்கம்: நடந்தது.
வலது பக்கம்: நடந்ததைப் பற்றி நான்.
மூன்று வாரமாய் வலது பக்கங்கள்
செட்டிச்சாவடி வெள்ளைக்கல் மேடுபோல்
வெறுமனே வெளுத்துக் கிடந்தன.
லூர்துமேரி மேடம் சிவப்பு மையில்
ஒரே கேள்வி எழுதியிருந்தார்:
"இதில் நீ எங்கே?"

பெண்கள் பிரிவில் பதினொரு கட்டில்.
ஒன்பதாவதில் ஜெயக்கொடி.
(அது அவள் பெயரல்ல.
கவிதைக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டதற்கு
ஐந்தாம் வகுப்பில் தன்னை ஓட்டத்தில் ஜெயித்த
ஒருத்தியின் பெயரைச் சொன்னாள்.)
வயது முப்பத்து நான்கு.
ஜவ்வரிசி ஆலையில் மூட்டை அடுக்கு சரிந்த நாளோடு
இடுப்புக்குக் கீழ் உடம்பு
அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டது.

அன்று எழுதியிருந்தேன்:
காலை உணவு மறுத்தார்.
குளியலுக்கு ஒத்துழைக்கவில்லை.
கோபம் காணப்பட்டது.
கையொப்பம். நேரம் ஒன்பது பத்து.

சக்கர நாற்காலியை வெயிலுக்குத் தள்ளும்போது கேட்டாள்,
"என்னப் பத்தி என்ன எழுதுன?"
"சும்மா, அறிக்கைதாங்க்கா."
"சும்மாதானே, படி."

எங்கள் கையேட்டில் ஆறாம் பாடம் கண்ணியம்,
ஏழாம் பாடம் ஒப்புதல்.
தேர்வில் எழுபத்தெட்டு வாங்கியிருந்தேன்.
எழுதப்பட்டவள் முன்னால் உட்கார்ந்து
எழுதியதை வாசிப்பது
எந்தப் பாடத்திலும் இல்லை.

வாசித்தேன்.
'ஒத்துழைக்கவில்லை' வந்ததும்
குரல் தானாகத் தணிந்தது.

"சோத்த மறுக்கல.
இட்லி மேலயே சாம்பார ஊத்திட்டாங்க.
தனியா வைங்கன்னேன், தட்டையே தூக்கிட்டுப் போய்ட்டாங்க.
குளிக்க மாட்டேன்னும் சொல்லல.
கதவச் சாத்துன்னேன்."

அந்தக் கதவு.
வெந்நீர் வாளியோடு போய்வர வசதியாக
செங்கல் முட்டுக் கொடுத்துத்
திறந்தே நிறுத்தியிருந்தேன்.
கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவன்
முற்றத்தில் ரசீதை நீட்டிக்கொண்டு நின்றான்.
கையெழுத்துப் போடத் திரும்பினேன்.
அவனுக்கும் எனக்கும் பின்னால்
ஒரு துண்டுகூட இல்லாமல் அவள்.

அன்றிரவு அஸ்தம்பட்டி விடுதி மாடியில்
துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தேன்:
ஏற்காட்டுப் பாதையில் வண்டி விளக்குகள்
வளைவுக்கு வளைவு மறைந்து ஏறின.
கீழிருந்து பார்க்க வெறும் பொட்டு.
உள்ளே யாருக்காவது குமட்டும்,
யாராவது ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள்.

வலது பக்கத்தில் எழுதினேன்:
எனக்கு நல்ல எண்ணம்தான்.
அடித்தேன்.
பதினொரு பேர், ஒரே வெந்நீர் அடுப்பு,
ஒன்பதரைக்குள் முடித்தாக வேண்டும்.
உண்மைதான்.
உண்மைகள் வரிசைகட்டி வந்து
எனக்குச் சாட்சி சொல்லப் பார்த்தன.
செங்கல்லை வைத்தது என் கை.
அதோடு நிறுத்தினேன்.

செங்கல்லை எடுத்துப் போட்டுவிட்டேன்.
பார்த்தால், கதவுக்கு உள்பக்கம் கொக்கியே இல்லை.
செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது.
மாட்ட அனுமதிக் கடிதம், நினைவூட்டல் கடிதம்,
எட்டு நாள்.
அந்த எட்டு நாளும் குளியல் முடியும்வரை
கதவுக்கு என் முதுகைக் கொடுத்து நின்றேன்.
தினமும் தாமதம்.
தினமும் திட்டு.

குறிப்பேட்டை அவளிடமே கொடுத்தேன்.
என் வரிகளுக்குக் கீழே
எழுத்துக்கூட்டி ஏழு வரி எழுதினாள்,
பேனாவை அழுத்தியதில் மறுபக்கம் புடைத்தது.

லூர்துமேரி மேடம் இரண்டு முறை படித்தார்.
வகுப்பில் எல்லோருக்கும் நகல் கொடுக்கலாம் என்றார்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தாள்,
உதட்டோரம் கேரட் துருவல்.
"வேணாம்."
ஏன் என்று கேட்க வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

இந்தக் கவிதைக்காக மறுபடி கேட்டேன்.
இதற்கும் வேணாம்.
ஆகவே அந்த ஏழு வரி இங்கே இல்லை.
மற்றதை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.
"சாம்பார் விஷயத்த விட்டுறாத."