காலாவதிப் பெட்டி

மொத்தம் முப்பத்தொரு பெட்டிகள், எஞ்சின் இரண்டு.
தண்டவாளம் ஒன்றரை அடி.
அதுவும் கணக்கு நோட்டுகள் சாயாமலிருக்க
முட்டுக்கொடுத்து நிற்கிறது.

புதுநகரத்தில், வாடகை வீட்டு மாடியில்
வட்டமாய் ஓடவிட இடம் ஏது?
ஓட்டுகிறவன் அல்ல நான்.
அடுக்குகிறவன்.

மருந்துக்கடைக்காரனுக்கு அட்டைப்பெட்டிப் பஞ்சமில்லை.
இருமல் மருந்து வந்த பெட்டியில்
குறுக்குத் தடுப்பை ஒன்றுவிட்டு ஒன்று உருவினால்
சரக்கு வேகன் கச்சிதமாய்ப் படுக்கும்.
பயணிகள் பெட்டி நீளம்,
அதற்கு குளுக்கோஸ் வந்த பெட்டிதான் தோது.
மாத்திரை டப்பாவுக்குள் கிடக்குமே
'தின்னாதே' என்று எழுதிய குருணைப் பொட்டலம்,
அது பெட்டிக்கு இரண்டு.
எடவப்பாதி இறங்கிவிட்டால்
சுவரே வியர்க்கிற ஊர் இது.

ரப்பர் பேண்டு மட்டும் போடக் கூடாது.
போட்டேன் ஒரு சித்திரையில்.
நீலப் பெட்டியின் கூரையில் உருகி
பூரான் மாதிரி ஒட்டிக்கொண்டது.
சுரண்டியதில் பெயின்ட் போனதுதான் மிச்சம்.
அன்றிலிருந்து அதை மட்டும்
தலைகீழாக வைக்கிறேன்.

ஒவ்வொரு பெட்டிமேலும் கடையில் போலவே சீட்டு:
பெயர், எண், வந்த தேதி.
"காலாவதித் தேதி போடலையா?" என்றாள் சபுரா.
நல்ல பகடிதான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடியில் இருப்பு எடுத்தேன்.
முப்பது.
விளக்கை மாற்றிப் போட்டு எண்ணினேன்.
முப்பது.
காணாமல் போனது கார்டு வண்டி.
பழுப்பு நிறம், இரண்டு விரல் நீளம்,
பின்விளக்குக்கு ரிஃபானாவின் நகப்பூச்சில்
நானே வைத்த சிவப்புப் பொட்டு.
பீரோவை நகர்த்தினேன்.
பல்லி முட்டை கிடைத்தது.

நான்காம் நாள் கோவையிலிருந்து போன்,
மொத்த வியாபாரி ஆபீஸ் சுகந்தி:
"அண்ணா, நீங்க திருப்பி அனுப்புன காலாவதிச் சரக்குல
பதினெட்டு சிரப்பு, ஒரு ரயில் பெட்டி இருக்குதுங்க.
ரயிலுக்குக் கிரெடிட் நோட்டு போட முடியாதுங்களே."

கடையை மூடிவிட்டுப் போனேன்.
ஸ்டேப்ளர் பக்கத்தில் நின்றிருந்தது,
அதன் வராந்தாவில் இரண்டு குண்டூசிகள்.
எடுத்துக் கொடுத்தவள் கேட்டாள்:
"இதுக்கு முன்னாடி எதுங்க வரும்?"

எந்தப் பெட்டியில், எத்தனாவது அறையில்,
என்ன எண்ணில் என்று கேட்டிருந்தால்
தூக்கத்திலும் சொல்வேன்.
முன்னால் எது?
"பார்த்துச் சொல்றேன்" என்றேன்,
இல்லாத மருந்து கேட்பவர்களிடம் சொல்வதுபோல.

கிணத்துக்கடவு தாண்டும்போது
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
கடைசிப் பெட்டி என் நெஞ்சிலிருந்தது.
எனக்குப் பின்னாலோ
இன்னும் எட்டுப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.
பொள்ளாச்சியில் வண்டி மாறி,
முதலமடை மாந்தோப்புகளில் இருட்டு விழுந்து,
வீடு சேர ஒன்பதரை.

சோறு வேண்டாம் என்றேன்.
எல்லாவற்றையும் திறந்தேன்.
தரைக்கல்லின் கோட்டை வைத்துக்கொண்டு
ஒவ்வொரு கொக்கியாய் மாட்டினேன்:
எஞ்சின், இன்னொரு எஞ்சின், எண்ணெய் டாங்கிகள்,
நிமிர்த்தி வைத்த நீலப் பெட்டி, கூரையில் பூரானோடு.
கட்டில் காலருகே வளைந்து
அறை வாசலைக் கடந்து
அடுப்படிவரை போயிற்று வண்டி.
இவ்வளவு நீளமா வைத்திருந்தேன்?

தண்ணீர்ச் சொம்போடு வந்த சபுரா
வாசலில் நின்றுவிட்டாள்.
ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.
தாண்டவில்லை.
"கேட்டு எப்பத் திறக்கும்?"

"இரு, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று
சட்டைப்பையில் கை விட்டேன்.
குண்டூசி குத்தியது.