அட்டை

ஆனப்பாடி செக்போஸ்டில்
ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
படத்தில் இருப்பவள் நான்தான் என்று நம்ப
அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இன்னோர் அட்டை
ஒன்றும் கேட்காமல்
காலுறைப் பின்னலுக்குள் புகுந்திருக்கிறது.
டாப்சிலிப்பில் ஏறியதா
எல்லை தாண்டி ஏறியதா
தெரியாது.
வலிக்கவே இல்லை.

"பிடுங்காதீங்க.
வயிறு நெறஞ்சா அதுவே எறங்கிப் போவும்"
என்றாள் வழிகாட்ட வந்த மாதி,
டீக்குத் தண்ணீர் மொண்டபடி.

மழை பிடித்துக்கொண்டது.
கூடாரத்தின் ஜிப் பாதியில் சிக்கிவிட
அந்தப் பாதி வழியே
இரவு முழுக்க
காடு எங்களைப் பார்த்தது.
பவர் பேங்க் செத்துப்போச்சு என்று
ஜெஸிந்தா அழுதாள்.
அழுகை அதற்கல்ல,
இருவருக்கும் தெரியும்.

இரண்டு மணிக்கு மூங்கில் முறிகிற சத்தம்.
பிறகு வெகுநேரம் எதுவுமில்லை.
பிறகு, மிக அருகில்,
பெரிய வயிறொன்றுக்குள் இடி உருண்டது.
நாங்கள் மூச்சைப் பங்கிட்டுக்கொண்டோம்.
தார்ப்பாய்க்கடியில் மாதி
பீடியை அணைத்தாள்.
அவ்வளவுதான்.

விடிந்து பார்த்தால்
கூடாரக் கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி
முறம் அகலத்தில் கால்தடம்.
உள்ளே மழைத்தண்ணீர்,
அதன்மேல் நடந்துகொண்டிருந்தது ஒரு பூச்சி.
அத்தனை கயிறுகளில்
ஒன்றுகூட அறுபடவில்லை.

திரும்புகையில் என் அட்டையை
வாங்கிக்கொண்டேன்.
மற்றது எப்போதோ இறங்கிப்போயிருந்தது,
கணுக்காலில் மட்டும் கசிவு நிற்கவில்லை.

ஜெஸிந்தா தன்னுடையதை மறந்துவிட்டாள்.
பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில்தான்
நினைவு வந்தது.
போய் வாங்கி வரலாமா என்றேன்.
நான் கேட்டு முடிக்கும் முன்பே
பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.