எண்பதில் முடியும் எண்

எண்பத்து நாலாயிரத்து எண்பது.
இந்த எண்ணைச் சொன்னால் டுலூத் நகரத்தில்
என்னையும் சேர்த்து நாலு பேருக்குப் புரியும்.
அதில் ஒருத்தி ரிட்டையராகிவிட்டாள்.

அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ்.
மொத்தமாக அளந்தால் எழுபத்தைந்தில் முடியும்.
ஈரலில் இருந்து வந்ததா, எலும்பில் இருந்தா என்று
பிரித்துக் கேட்டால் எண்பதில்.
அந்த ஐந்துக்குள்தான் என் பிழைப்பு.

லேபில் இருக்கும் கர்ட் பழைய முறையைச் சொல்வான்:
ஐம்பத்தாறு டிகிரியில் பத்து நிமிஷம் சூடாக்கு,
எலும்புடையது அழிந்துபோகும்,
ஈரலுடையது தாக்குப்பிடிக்கும்.
நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.
எரித்தால் மிஞ்சுவது எலும்பு என்றுதானே எல்லோரும் நம்புகிறோம்.

பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
தாதுத்துறையில் கப்பல் இல்லை.
திரையில் ஆர்லன் லாஹ்தி, வயது அறுபத்தொன்று,
இரும்புத்தாது ரயிலில் முப்பத்திரண்டு வருஷம்.
க்ளெய்ம் திரும்பி வந்திருக்கிறது:
மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை.

டாக்டர் எழுதியிருப்பது ஒரே வரி.
ஈரலா எலும்பா, சந்தேகம், பார்க்கவும்.

சந்தேகத்துக்கு எண் கிடையாது.
வெளிநோயாளி என்றால் விதி அப்படி.
இடது தொடை வலிக்கு ஒன்று, வலது தொடைக்கு வேறொன்று,
ஆமை மோதிக் காயம் பட்டால்கூட ஒன்று இருக்கிறது,
நான் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்தது.
இருக்கலாம், இருக்குமோ, என்பதற்குத்தான் இல்லை.

பதினொன்றே காலுக்கு அவர் மனைவி கூப்பிட்டாள். லெனோரா.
"ஒரு தடவைதானே ஊசி குத்தினீர்கள்,
எதற்கு ரெண்டு பில்?"
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
மொத்தம் வேறு, பிரிப்பது வேறு என்றேன்.
"பிரித்தால் என்ன தெரியும்?"
எங்கே இருந்து வருகிறது என்று தெரியும்,
ஈரலா, எலும்பா...

ஈரல் என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள்.
பின்னால் வாஷிங் மெஷின் சுற்றி ஓய்ந்தது.
பிறகு வந்த குரலில் ஈரக்குலையே நடுங்கியது.
"ஒன்பது வருஷமாகத் தொடவில்லை என்கிறான்.
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் நாற்காலி மடக்கும் நேரம்
கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தேடுவேன்.
ஒரு பாட்டில்கூடக் கிடைத்ததில்லை.
கிடைக்காததுதான் பயமாக இருக்கிறது."

என் இன்னொரு திரையில் ரிசல்ட் திறந்திருந்தது.
எலும்பு, எண்பத்தொரு சதவீதம்.
ஈரல் தன் பங்குக்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை.
சாட்சி ஆகாதுதான்.
ஆனாலும் அந்த மனுஷன் ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்ததை
அவன் ரத்தம் ஒருதரம் ஆமோதித்தது போல இருந்தது.

எண்ணைப் பார்த்து நோயைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.
டாக்டர் எழுதும்வரை
எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.
எலும்பு இவ்வளவு ஏறினால்
சும்மா ஏறாது என்பதும்தான்
எனக்குத் தெரியாது.
இன்றிரவு ஒருத்தியைத் தூங்கவைத்து
நாளை எழுப்பிவிடும் வேலை என்னுடையது அல்ல.

"உன் பேரென்ன?"
வெர்னா.
"வெர்னா, நான் தேடுவதை எங்கேயும் எழுதிவைக்காதே."
எழுத இடம் இல்லை என்றேன்.
என்னிடம் அன்று இருந்த
ஒரே முழு உண்மை அது.

போனை வைத்துவிட்டு டாக்டர் ஹால்வர்சனுக்கு எழுதினேன்:
ரிசல்டை வாசித்து உங்கள் முடிவைப் பதியவும்.
பணம் நிற்கிறது.
மனைவி காத்திருக்கிறாள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது,
இருந்தாலும், பணம் என்றால்தான் வாசிப்பார்கள்.
அவசரம் என்ற பெட்டியில் டிக் போட்டேன்.
பதினாறு வருஷத்தில் முதல்முறை.

மூன்று மணிக்குப் பதில்:
"பார்த்தேன். சாயங்காலம் அவர்களைக் கூப்பிடுகிறேன்."
வேறொன்றும் இல்லை. நோயின் பேர் இல்லை.
க்ளெய்ம் இன்னும் நிலுவையில்தான்.

அடுத்த ஃபைலைத் திறந்தேன்.
பனியில் வழுக்கி, முழங்கை, வலது.
அதற்கு எண் இருக்கிறது.