மார்பளவு

ரவிக்கைக்கு அளவெடுக்கும் அதே டேப்தான்.
நாலரை அடி உயரத்தில்
எறும்புச் சாரையை ஒதுக்கிச் சுற்றுகிறேன்.
வேங்கை, முப்பத்தொன்று.
போன தையில் இருபத்தொன்பதரை.
இறுக்குது அக்கா என்று
எந்த மரமும் சொன்னதில்லை.

நடுவீரப்பட்டுச் செம்மண்.
தானே புயல் முந்திரியைப் படுக்கவைத்த
அடுத்த மழைக்கு வைத்தவை இவை:
வேங்கை, மருது, வரப்போரம் தோதகத்தி.
அடங்கலில் மட்டும்
முந்திரி இன்னும் காய்க்கிறது.

'வெட்டணும்னா
முதல்ல இருக்குன்னு காட்டும்மா.'
கூட்டிப்போய்க் காட்டினேன்.
தோதகத்தி நிழலில் நின்றபடி
தோதகத்தி எது என்று கேட்டார்.
ஏழாவது நடைக்கு எழுதித் தந்தார்:
இதர மரங்கள்.

பண்ருட்டி டிப்போ சாந்தலிங்கம்
தோப்பு மொத்தத்துக்கும் விலை வைத்தார்.
என் மகளின் நாலு வருஷப் படிப்பு
அந்த ஒரே எண்ணுக்குள் இருந்தது.
சுண்ணாம்புக் கோடு போட்ட
பதினாலை மட்டும் காட்டினேன்.
நெருக்கத்தில் மெலிந்தவை,
வெயிலுக்காகக் கோணிக்கொண்டவை.
'நோஞ்சானைத் தள்ளிவிடப் பாக்குற.'
'இது வெட்டுத்துணிண்ணே,
சட்டை இன்னும் தைக்கல.'

ரம்பம் இறங்கியதும்
வேங்கை சிவப்பாய்க் கசிந்தது.
தோளில் கிடந்த டேப்பில் தெறித்து
முப்பதுக்கு மேல் இரண்டு எண்களைத் தின்றது.

சாயங்காலம்
நிச்சயதார்த்த ரவிக்கைக்கு வந்தவள்
'வெத்தலையா?' என்றாள்.
'மரம்.'
கையைத் தூக்கச் சொன்னேன்.
அவள் அளவு கறைக்குள் விழுந்தது.
உத்தேசமாய்க் குறித்து,
உள்தையலில் ஒரு விரல்கடை
கூடுதலாய் விட்டேன்.