ஒன்று விட்டு ஒரு நாள்

சித்திரையில் விலை மறுபடியும் ஏறியது.
இளஞ்சிவப்புக் குளிசை ஒன்று எண்பத்தாறு ரூபா.
என் மேசையில் அந்தக் கம்பெனியின் நாட்காட்டி,
அந்தக் கம்பெனியின் பேனா.
அந்தப் பேனாவாலேயே
அதன் பெயரைக் குறுக்கே வெட்டினேன்,
ஒரே மாலையில் பதினேழு கொப்பிகளில்.
பக்கத்தில் ஒன்பது ரூபாக் குளிசையின் பெயர்.
வெள்ளை. வட்டம். இரவில் ஒன்று.

மஸ்கெலியாவில் மழை.
வாசலில் குடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
தண்ணீரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தன.

சவரிமுத்து வெள்ளைக் குளிசையை
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்,
மோந்தும் பார்த்தார்.
"சலிப்பறையில முப்பத்தொரு வருசம் நின்னவன் ஐயா நான்.
தேயிலை ஒண்ணுதான்.
தகர டப்பாவுல போனா ஒரு வெலை,
சாக்குல போனா ஒரு வெலை.
பேருக்குத்தானே காசு?"

எனக்கு நிம்மதி.
மிச்சம் பேருக்கும் இதையே சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

வாங்கில் இருந்த முத்துப்பேச்சி
தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:
"சாக்குல போனதும் எங்களுக்கு வரலியே அண்ணே.
வந்தது கூட்டி அள்ளுன தூளுல்ல."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
கல்லீரலைப் பற்றிச் சொன்னேன்,
இரண்டும் செய்வது ஒரே வேலை என்றேன்.
அவள் முகம் அப்படியே இருந்தது.
"நானும் இதைத்தான் போடுகிறேன்" என்றேன்.

அப்போது அது பொய்.
வீட்டுக்குப் போகும் வழியில்
பாமசியில் ஒரு அட்டை வாங்கினேன்.
என் இரத்தமும் நெடுநாளாய்
அவ்வளவு நல்லதில்லை.

ஆடியில் ரிப்போட்டுகள் வந்தன.
சவரிமுத்துவுக்கு முன்பிருந்த அதே கணக்கு.
கிளார்க் விமலசேனவுக்குத் தொடை வலித்தது;
அவரைப் பழையதற்கே திருப்பினேன்.
முத்துப்பேச்சிக்கு
நூற்று எழுபத்தொன்றாய் இருந்த கெட்ட கொழுப்பு
தொண்ணூற்றெட்டு.

பெயரை இரண்டு தரம் வாசித்தேன்.
ஹட்டன் லாப் மாற்றி அனுப்பியிருக்குமோ?
வெள்ளைக் குளிசை
சிவப்பை விடப் பலசாலி இல்லை,
அது எனக்குத் தெரியும்.
"முந்தினதை ஒழுங்காப் போட்டீங்களா?"

கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தாள்.
"ஒன்று விட்டு ஒரு நாள் ஐயா.
பேரு கொறஞ்ச மாசத்துல அதுவும் இல்ல.
சில நாளு பிளேடால பாதியா வெட்டி..."
அதற்கு மேல் சொல்லவில்லை.

கொப்பியைப் பின்னால் புரட்டினேன்.
மாசி மாதப் பக்கம். என் கையெழுத்து.
மருந்து போதவில்லை.
இன்று முதல் இரவில் இரண்டு.

இரண்டு என்பதன் கீழே
அழுத்தமாய் ஒரு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.
நான் கேட்டிருக்க வேண்டும்.
நாலு வருடம் அவள் நாக்கைப் பார்த்தேன்,
கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன்,
கையில் பட்டி கட்டி ஊதிப் பார்த்தேன்.

போகும்போது மடியிலிருந்து
ஒரு பொலித்தீன் முடிச்சை அவிழ்த்தாள்.
இளஞ்சிவப்பு. சில முழுசு, சில பாதி.
"இதத் திருப்பி எடுப்பாங்களா?"

வெட்டிய அட்டையை எந்தப் பாமசியும் எடுக்காது.
அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.
"எண்ணிக்கிருங்க" என்று
நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எண்ணினேன்.
பாதிகளைச் சேர்த்துப் பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.

"சரிதானே?" என்றாள்,
குடையைத் தேடிக்கொண்டே.